பெரிய ஹேண்டிகேப் ஹர்டில் வெற்றி எதைச் சொல்கிறது? குதிரையின் ஃபார்மைப் படிக்கும் முறை

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இங்கிலாந்தின் நியூபரி, செல்டென்ஹாம் பந்தயத் திடல்களில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் திறமைக்கேற்ற எடையைச் சுமந்து தடைகளைத் தாண்டி ஓடும் பெரிய ஹேண்டிகேப் ஹர்டில் பந்தயங்கள் நடக்கின்றன. அவை முடிந்த மறுநாளே, வென்ற குதிரையைப் பற்றி ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு தீர்ப்புகள் வெளியாகின்றன. அடுத்த சாம்பியன் இதுதான் என்கிறது ஒரு தரப்பு. எடை ஏறப்போகிறது, இனி இந்தக் குதிரையால் வெல்ல முடியாது என்கிறது மறு தரப்பு. ஒரே முடிவைப் பார்த்துவிட்டு இரு தரப்பும் இத்தனை உறுதியாகப் பேசுவதால், இந்த விளையாட்டைப் புதிதாகப் பின்தொடரும் வாசகர் குழம்புவது இயல்பே.

இரண்டு தீர்ப்புகளுக்கும் வரலாற்றில் ஆதாரம் உண்டு. 2022 மார்ச்சில் செல்டென்ஹாமின் கவுண்டி ஹர்டில் என்ற ஹேண்டிகேப்பில் 141 ரேட்டிங்குடன், அதாவது அந்தத் திறமை மதிப்பெண்ணுடன், வென்ற ஸ்டேட் மேன், 2024இல் அதே திடலில் ஹர்டில் ஓட்டத்தின் உச்சப் பந்தயமான சாம்பியன் ஹர்டிலை வென்றது. அதே கவுண்டி ஹர்டிலை வென்றுவிட்டு அந்த உயரத்தை மறுபடி எட்டாமலே போன குதிரைகளின் பட்டியலோ மிக நீளமானது. குதிரையின் முந்தைய ஓட்ட முடிவுகளைக் குறிக்கும் ஃபார்ம் வரிசையில் இரண்டு வகைக் குதிரைகளுக்கும் பதிவாவது ‘1’ என்ற ஒரே எண்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதைப் படிக்கும் முறையை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஹேண்டிகேப் இயங்கும் விதம்

ஹர்டில் என்பது குறைந்தது இரண்டு மைல் தூரம், அதாவது ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர், மூன்றரை அடி உயரத் தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயம். முதல் இரண்டு மைலில் குறைந்தது எட்டுத் தடைகள் இருக்க வேண்டும். உயரமான, இறுக்கமான தடைகளைக் கொண்ட சேஸ் பந்தயங்களோடு ஒப்பிட்டால் இங்கே தாண்டும் திறனைவிட வேகத்துக்கே கூடுதல் மதிப்பு.

ஹேண்டிகேப் என்பது திறமையான குதிரைக்கு அதிக எடையும் திறமை குறைந்த குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பைத் தர முயலும் முறை. கிண்டியிலோ ஊட்டியிலோ பந்தயப் புத்தகம் புரட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அங்கே எடை கிலோவில் குறிக்கப்பட்டது, ஓட்டம் தடைகள் இல்லாத சமதளத்தில் நடந்தது என்பவைதான் வேறுபாடுகள். பிரிட்டனில் எடையை ஸ்டோன், பவுண்டு ஆகிய அளவுகளில் குறிக்கிறார்கள். ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு. ஒரு பவுண்டு ஏறத்தாழ 0.45 கிலோ.

பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்தின் ஹேண்டிகேப்பர்கள் ஒவ்வொரு குதிரைக்கும் பவுண்டு கணக்கில் ஒரு ரேட்டிங் தருகிறார்கள். வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை புதிய ரேட்டிங்குகள் வெளியாகும். ஒரு பந்தயத்தின் உச்ச ரேட்டிங் 150 என்றும், அந்தக் குதிரை 11 ஸ்டோன் 12 பவுண்டு சுமக்கிறது என்றும் கொள்வோம். 135 ரேட்டிங் உள்ள குதிரை அதைவிட 15 பவுண்டு குறைவாக, அதாவது 10 ஸ்டோன் 11 பவுண்டு சுமக்கும். இந்த 15 பவுண்டு, ஏறத்தாழ 6.8 கிலோ, இரண்டின் திறமை வேறுபாட்டைச் சமன்செய்துவிடும் என்பதே கணக்கு. ஜாக்கியின் எடை இதற்குக் குறைந்தால், சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகி ஈடுகட்டுவார்கள்.

ரேட்டிங் என்பது குதிரை இதுவரை காட்டிய ஆட்டத்தின் மதிப்பீடு மட்டுமே. காட்டாத திறமையை ஹேண்டிகேப்பரால் எண்ணாக்க முடியாது. பெரிய ஹேண்டிகேப் வெற்றிகளில் பெரும்பாலானவை, காட்டப்பட்ட திறமைக்கும் உண்மையான திறமைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கின்றன.

வென்ற பின் ரேட்டிங் ஏறும் கணக்கு

தடைத் தாண்டல் பந்தயங்களில் ஒரு லெங்த் வித்தியாசம், அதாவது ஒரு குதிரையின் உடல்நீளம், ஏறத்தாழ ஒரு பவுண்டுக்குச் சமம் என்று கொள்வது வழக்கம். அப்படியானால் நான்கு லெங்தில் வென்ற குதிரையின் ரேட்டிங் நான்கு பவுண்டுதானே ஏற வேண்டும், எட்டு ஏற்றியது ஏன் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. ஒரு கற்பனைப் பந்தயத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் விடை தெளிவாகும்.

ரேட்டிங் 135 உள்ள ‘ஆ’ என்ற குதிரை வெல்கிறது. நான்கு லெங்த் பின்னால் 150 ரேட்டிங் உள்ள ‘அ’ இரண்டாவதாக வருகிறது. ‘ஆ’வுக்கு ஏழு லெங்த் பின்னால் 140 ரேட்டிங் உள்ள ‘இ’ நான்காவதாகவும், ஒன்பது லெங்த் பின்னால் 132 ரேட்டிங் உள்ள ‘ஈ’ ஆறாவதாகவும் வருகின்றன.

1. ‘அ’ தன் 150க்கு ஏற்ப ஓடியது என்று கொண்டால், வென்ற குதிரையின் ஆட்டம் 139.

2. ‘இ’ தன் 140க்கு ஏற்ப ஓடியது என்று கொண்டால், வென்ற குதிரையின் ஆட்டம் 142. அப்போது இரண்டாவதாக வந்த ‘அ’வும் தன் ரேட்டிங்கைவிட மூன்று பவுண்டு கூடுதலாக, 153 அளவில் ஓடியிருக்க வேண்டும்.

3. ‘ஈ’ தன் 132க்கு ஏற்ப ஓடியது என்று கொண்டால், வென்ற குதிரையின் ஆட்டம் 144.

ஒரே பந்தயத்திலிருந்து 139, 142, 144 என மூன்று விடைகள் கிடைக்கின்றன. பல ஓட்டங்களாக ஒன்றிரண்டு பவுண்டு வேறுபாட்டுக்குள் ஒரே மாதிரி ஓடிவரும் குதிரை எது என்று தேடி, அதையே ஹேண்டிகேப்பர் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார். அத்தகைய குதிரைகள் ‘இ’யும் ‘ஈ’யும் என்றால், வென்ற குதிரை 142 அல்லது 143க்கு உயரும். கடைசி ஐம்பது மீட்டரில் ஜாக்கி கைகளைத் தளர்த்திக் குதிரையை நிதானப்படுத்தியிருந்தால், அதற்கும் ஒன்றிரண்டு பவுண்டு சேரும். ஆகவே எட்டுப் பவுண்டு உயர்வு வெற்றிக்குத் தரப்பட்ட தண்டனை ஆகாது. தனக்குப் பின்னால் வந்த குதிரைகளின் வழியாகப் பார்த்தால், வென்ற குதிரை உண்மையில் அவ்வளவு ஓடியது என்ற மதிப்பீடு அது.

இதன் விளைவு எளிமையானது. அதே குதிரைகள் மறுநாளே மறுபடி ஓடினால், புதிய ரேட்டிங்கின்படி எல்லாம் ஒரே கோட்டில் முடியும். வென்ற குதிரை மீண்டும் வெல்ல வேண்டுமானால், சென்ற முறை காட்டியதைவிடக் கூடுதலாக ஏதேனும் அதனிடம் மிஞ்சியிருக்க வேண்டும்.

எடை விவரத்தில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. பயிற்சி நிலையில் இருக்கும் இளம் ஜாக்கிகளுக்கு எடைச் சலுகை தரப்படுகிறது. பிரிட்டனின் தடைப் பந்தயங்களில் 20 வெற்றிகள் வரை 7 பவுண்டு, 40 வரை 5 பவுண்டு, 75 வரை 3 பவுண்டு என அது படிப்படியாகக் குறையும். ஐந்து பவுண்டுச் சலுகை பெற்ற இளைஞர் ஓட்டி வென்ற குதிரையை அடுத்த முறை சலுகை இல்லாத மூத்த ஜாக்கி ஓட்டினால், ரேட்டிங் உயர்வோடு அந்த ஐந்து பவுண்டும் சேர்ந்தே குதிரையின் முதுகில் ஏறுகிறது. அவசரத்தில் இதைக் கணக்கில் விடுபவர்கள் ஏராளம்.

பெனால்டி தரும் சிறிய சாளரம்

புதிய ரேட்டிங் வெளியாகும் முன், அல்லது எடைகள் முன்பே அறிவிக்கப்பட்டுவிட்ட வேறொரு பந்தயத்தில், வென்ற குதிரை உடனே மறுபடி ஓடலாம். அப்போது அது பெனால்டி என்ற நிலையான கூடுதல் எடையைச் சுமக்கும். பெனால்டி ஐந்து பவுண்டு, ஹேண்டிகேப்பர் ஏற்ற நினைப்பதோ எட்டு என்றால், அந்தச் சில நாட்களுக்குக் குதிரை தன் உண்மை மதிப்பைவிட மூன்று பவுண்டு குறைவாகச் சுமக்கிறது.

சாண்டவுனில் மார்ச் மாதம் நடக்கும் இம்பீரியல் கப் என்ற ஹேண்டிகேப் ஹர்டில், பெரிய தடைப் பந்தயங்கள் தொடர்ந்து நடக்கும் செல்டென்ஹாம் திருவிழாவுக்குச் சற்று முன்பு அமைவதால் இந்தச் சாளரத்துக்குப் பேர்போனது. 1993இல் ஒலிம்பியன் இம்பீரியல் கப்பை வென்ற கையோடு செல்டென்ஹாமில் கோரல் கப்பையும் வென்றது. 1998இல் ப்ளோயிங் விண்ட் கவுண்டி ஹர்டிலையும், 2007இல் காஸ்பரா ஃப்ரெட் வின்டர் ஹர்டிலையும் அதே முறையில் வென்றன. முதல் இரண்டு குதிரைகளின் பயிற்சியாளர் மார்ட்டின் பைப். மூன்றாவதன் பயிற்சியாளர் அவர் மகன் டேவிட் பைப். சில நாட்களுக்குள் இரண்டு கடும் ஓட்டங்களைத் தாங்கும் உடல் எல்லாக் குதிரைகளுக்கும் இருப்பதில்லை என்பதால், சாதகமான எடை மட்டும் போதாது. முதல் வெற்றி எவ்வளவு எளிதாக வந்தது என்பதே இங்கே முதன்மையான தடயம்.

ஒரே எண், இரண்டு வகை வெற்றி

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். ஹேண்டிகேப் வெற்றிகளை இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டும். முதல் வகையில், வளர்ந்துகொண்டிருக்கும் குதிரை தன் ரேட்டிங்கை முந்திவிடுகிறது. இரண்டாம் வகையில், எல்லோரும் நன்கறிந்த குதிரை ஒன்றின் ரேட்டிங், தொடர் தோல்விகளாலோ நீண்ட ஓய்வாலோ இறங்கியிருக்கும் வேளையில், அது தன் பழைய ஆட்டத்தை ஒரு நாள் மீட்டெடுக்கிறது. முதல் வகைக்கு எட்டுப் பவுண்டு உயர்வு ஒரு படிக்கட்டு. இரண்டாம் வகைக்கு அது பெரும்பாலும் கதவடைப்பு.

ஸ்டேட் மேன் முதல் வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு. கவுண்டி ஹர்டிலுக்கு வந்தபோது அதன் அனுபவம் மிகக் குறைவு. பிரான்ஸில் ஓர் ஓட்டத்தில் இரண்டாமிடம் பெற்றிருந்தது. பயிற்சியாளர் வில்லி முல்லின்ஸிடம் வந்த பிறகு 2021 டிசம்பரில் லெப்பர்ட்ஸ்டவுனில் ஓடிய முதல் ஓட்டத்திலேயே தடையில் விழுந்தது. பின்னர் லிமெரிக்கில் வென்றது. இந்தக் குறைந்த சான்றுகளை வைத்து 141 என்ற எண்ணைத் தந்தபோது, ஹேண்டிகேப்பர் கண்ணுக்குத் தெரிந்த பகுதியை மட்டுமே அளந்தார். கவுண்டி ஹர்டிலின் நெரிசலில் அனுபவமிக்க குதிரைகளோடு மோதி ஸ்டேட் மேன் வென்றது. வெற்றி வித்தியாசம் பெரிதல்ல, ஒன்றேகால் லெங்த்தான். வித்தியாசத்தை மட்டும் பார்த்தவர்கள் அதைச் சாதாரண வெற்றியாக எண்ணியிருக்கக்கூடும். அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஒன்றேகால் லெங்த் வேறு செய்தியைச் சொன்னது. அடுத்த மாதமே பஞ்சஸ்டவுனில், உச்சத் தரமான கிரேடு 1 பிரிவில், புதுமுகக் குதிரைகளுக்கான நாவிஸ் ஹர்டிலை வென்றது. 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐரிஷ் சாம்பியன் ஹர்டிலையும் கைப்பற்றியது.

இரண்டாம் வகையிலும் மேன்மையான குதிரைகள் உண்டு. 2017 கவுண்டி ஹர்டிலை ஆர்க்டிக் ஃபயர் 158 ரேட்டிங்குடன், பந்தயத்தின் உச்ச எடையைச் சுமந்து, ஓராண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் ஓடி வென்றது. வியப்பூட்டும் ஆட்டம்தான். ஆனால் அது 2015 சாம்பியன் ஹர்டிலில் ஃபாகீனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்த குதிரை. கவுண்டி வெற்றி புதிய திறமை எதையும் அறிவிக்கவில்லை. பழைய திறமை காயத்தைக் கடந்தும் பிழைத்திருக்கிறது என்பதை உறுதிசெய்தது. அதை வளர்ச்சியாகப் படித்தால் தவறாகிவிடும்.

ஒரு வெற்றி எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய நான் பயன்படுத்தும் கேள்விகளை, முக்கியத்துவ வரிசையிலேயே தருகிறேன்.

1. இதற்கு முன் ஹர்டிலில் எத்தனை முறை ஓடியிருக்கிறது? ஐந்துக்கும் குறைவு என்றால் ரேட்டிங்கை ஒரு தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும். இருபதைத் தாண்டினால், அந்தக் குதிரையின் உச்சவரம்பு பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும்.

2. அதன் பழைய உச்ச ரேட்டிங் என்ன? 150இலிருந்து 138க்கு இறங்கி, 138இல் வென்று 146க்கு ஏறிய குதிரை இன்னும் தன் பழைய எல்லைக்குள்தான் இருக்கிறது. முன்பு 138ஐத் தாண்டியே இராத குதிரை 146க்கு ஏறினால், அது புதிய நிலத்தில் கால் வைக்கிறது.

3. முந்தைய ஓட்டங்களில் ஏதாவது மாறியிருக்கிறதா? தூரம் கூடியதா, பக்கப் பார்வையை மறைக்கும் முகமூடிப் பட்டை முதன்முறை அணிவிக்கப்பட்டதா, மூச்சுக்குழாய் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டதா, பயிற்சியாளர் மாறினாரா என்று பார்க்க வேண்டும். மாற்றத்தால் வந்த முன்னேற்றம் நிலைக்கக்கூடியது. முகமூடிப் பட்டையின் விளைவு மட்டும் பல குதிரைகளிடம் ஒரு முறையோடு தேய்ந்துவிடுகிறது.

4. வயது என்ன? ஐந்து, ஆறு வயது வளரும் பருவம். ஆனாலும் இதைக் கல்லில் எழுதிய விதியாகக் கொள்ளக் கூடாது. ரூஸ்டர் பூஸ்டர் எட்டு வயதில் 2002 கவுண்டி ஹர்டிலை வென்று, அதே ஆண்டு நவம்பரில் செல்டென்ஹாமின் கிரேட்வுட் ஹேண்டிகேப்பையும் பெரிய எடையோடு வென்று, ஒன்பது வயதில் 2003 சாம்பியன் ஹர்டிலை 11 லெங்த் வித்தியாசத்தில் கைப்பற்றியது. முதல் வெற்றிக்குப் பின் ஏறிய எடையைச் சுமந்துகொண்டே இரண்டாவது பெரிய ஹேண்டிகேப்பையும் வெல்லும் குதிரையை, அதன் வயது எதுவானாலும், தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பின்னால் வந்தவை சொல்லும் சாட்சி

ஒரு பந்தயத்தின் மதிப்பு அது நடந்த நாளில் முழுமையாகத் தெரிவதில்லை. தோற்ற குதிரைகள் அடுத்தடுத்து எப்படி ஓடுகின்றன என்பதைப் பொறுத்து அந்த மதிப்பு கூடவோ குறையவோ செய்கிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்த எடுத்துக்காட்டு, 2021 செல்டென்ஹாம் திருவிழாவில் நடந்த மார்ட்டின் பைப் ஹேண்டிகேப் ஹர்டில். அதை 142 ரேட்டிங்குடன் வென்றது கலோப்பின் டே ஷாம். இரண்டாவதாக வந்தது லேங்கர் டான். சில நாட்களுக்கு முன் சாண்டவுனில் இம்பீரியல் கப்பை வென்று, அதற்கான பெனால்டி எடையோடு அது ஓடியது.

அன்றைய முடிவை மட்டும் பார்த்தால், வளரும் குதிரை ஒன்று பெனால்டி சுமந்த குதிரை ஒன்றை வென்றது என்ற அளவில் முடிந்துவிடும். லேங்கர் டானோ பின்னர் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கோரல் கப்பை வென்றது. 142 ரேட்டிங்கில் தோற்கடிக்கப்பட்ட எதிரி இவ்வளவு வலுவானது என்றால், வென்ற குதிரை எத்தகையது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. கலோப்பின் டே ஷாம் ஹர்டிலிலிருந்து சேஸுக்கு மாறி, சேஸ் பந்தயங்களின் உச்சமான செல்டென்ஹாம் கோல்டு கப்பை 2023, 2024 ஆண்டுகளில் வென்றது.

ஆகவே பெரிய ஹேண்டிகேப் முடிந்த பின் வரும் வாரங்களில், வென்ற குதிரையை விட்டுவிட்டு, இரண்டாவது முதல் எட்டாவது வரை வந்த குதிரைகளின் அடுத்த ஓட்டங்களைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். அவற்றில் பல வென்றாலோ முன்னிலையில் வந்தாலோ அந்தப் பந்தயத்தின் ஃபார்ம் உறுதிப்படுகிறது. எல்லாமே சோர்ந்து பின்தங்கினால், ரேட்டிங் உயர்வு மிகையானதோ என்று ஐயப்பட வேண்டும். நாலைந்து ஓட்டங்களையாவது பார்க்காமல் முடிவுக்கு வரலாகாது.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது தோற்ற விதம். ஃபார்ம் வரிசையில் ‘எஃப்’ என்ற எழுத்து விழுந்ததையும், ‘யு’ ஜாக்கி தவறி விழுந்ததையும், ‘பி’ பாதியில் நிறுத்தப்பட்டதையும் குறிக்கின்றன. இருபத்தைந்து குதிரைகள் ஓடும்போது, முன்னால் விழுந்த குதிரையில் இடறி வீழ்வதும், உள்வேலியோரம் வழி அடைபடுவதும் சாதாரணம். வழி கிடைக்காமல் ஏழாவதாக வந்த குதிரை, தாராளமாக வழி கிடைத்து மூன்றாவதாக வந்ததைவிடச் சிறப்பாக ஓடியிருக்கலாம். எண்கள் இதைச் சொல்வதில்லை என்பதால், காணொலியை இரண்டு முறையாவது பார்ப்பது அவசியம்.

தரை, வேகம், திடல்

பிரிட்டனில் தரையின் தன்மையை உறுதியானது, நல்லது, மென்மையானது, கனமானது என்று படிநிலைகளாக அறிவிக்கிறார்கள். இது லெங்த் கணக்கையே பாதிக்கிறது. குதிரைகளுக்கு இடையிலான நேர வித்தியாசத்தை லெங்தாக மாற்றும்போது, தடைப் பந்தயங்களில் நல்ல தரைக்கு ஒரு நொடிக்கு ஐந்து லெங்த் என்றும், மென்மையான தரைக்கு நான்கு லெங்த் என்றும் கொள்கிறார்கள். இரண்டு நொடி இடைவெளி ஒரு நாள் பத்து லெங்தாகவும் மற்றொரு நாள் எட்டு லெங்தாகவும் பதிவாகலாம்.

இதைவிட முக்கியமானது பந்தயத்தின் வேகம். குதிரைகள் அதிகமாக ஓடும் ஹேண்டிகேப்பில் முன்னால் ஓட விரும்புபவை மூன்று நான்காவது இருக்கும் என்பதால், தொடக்கம் முதலே வேகம் கடுமையாகிறது. பின்னால் காத்திருந்து கடைசியில் பாயும் குதிரைக்கு இது வரம். கிரேடு 1 பந்தயங்களில் ஏழெட்டுக் குதிரைகளே ஓடுவதால், முதல் ஒரு மைல் மெதுவாகச் சென்று, கடைசி இரண்டு தடைகளுக்கு முன் திடீரென வேகம் கூடுவதைப் பலமுறை காணலாம். கடும் வேகத்தால் முன்னோடிகள் களைத்தபின் வென்ற குதிரை, இந்த மாறுபட்ட ஓட்டத்தில் திணறக்கூடும். வென்ற குதிரை எங்கிருந்து பாய்ந்தது, முன்னால் ஓடியவை கடைசியில் என்னவாயின என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வெற்றியின் தரம் விளங்கும். முன்னணியில் ஓடியவை எல்லாம் பின்தங்கிப் போன பந்தயத்தில், முன்னணியிலேயே இருந்து நான்காவதாக வந்த குதிரை எனக்கு எப்போதும் மிகச் சுவையான கண்டுபிடிப்பு.

திடலின் வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். செல்டென்ஹாமின் முடிவுப் பகுதி மேடாக ஏறுவது. நியூபரி பெரும்பாலும் சமதளம். சமதளத்தில் வேகத்தால் வென்ற குதிரைக்கு மேட்டில் தாக்குப்பிடிக்கும் வலு உண்டா என்பது தனிக் கேள்வி.

திடீர் முன்னேற்றமும் எழும் ஐயமும்

தோற்றுக்கொண்டே இருந்த குதிரை பெரிய ஹேண்டிகேப்பில் பத்துப் பன்னிரண்டு லெங்தில் வென்றால், முன்பு வேண்டுமென்றே அடக்கி ஓட்டப்பட்டதா என்ற கேள்வி எழும். இப்போது நியூபரியின் பெரிய பிப்ரவரி ஹேண்டிகேப்பாக இருக்கும் பந்தயம், முன்பு ஷ்வெப்ஸ் கோல்டு டிராஃபி என்ற பெயரில் 1963இல் தொடங்கியது. முதல் ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை அதை வென்றவர் பயிற்சியாளர் ரயன் ப்ரைஸ். 1964இல் ரோசைத் என்ற குதிரை வென்ற பிறகு அவர் உரிமத்தை இழந்தார். 1967இல் ஹில் ஹவுஸ் 12 லெங்த் வித்தியாசத்தில் வென்றபோது, அதன் உடலில் கார்ட்டிசால் அளவுக்கு மீறிக் காணப்பட்டதால் விசாரணை மாதக்கணக்கில் நீண்டது. இறுதியில், அந்தக் குதிரையின் உடலே அந்தச் சுரப்பை இயல்பாக அதிக அளவில் உற்பத்தி செய்கிறது என்று தெரியவந்தது. ப்ரைஸ் மீதான குற்றச்சாட்டு விலகியது.

திடீர் முன்னேற்றம் என்றாலே சூழ்ச்சி என்று முடிவுகட்டுவது நியாயமும் ஆகாது, பயனும் தராது. தனக்கேற்ற தரை, தனக்கேற்ற தூரம், முழு உடல்நலம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் கூடிவருவது தடைக் குதிரைகளுக்கு அரிது. பருவம் முழுவதையும் ஒரு பந்தயத்தை இலக்காக வைத்தே பயிற்சியாளர் திட்டமிடுவதும் விதிகளுக்கு உட்பட்டதுதான். 2016, 2018, 2019, 2023 என நான்கு முறை கவுண்டி ஹர்டிலை வென்ற பயிற்சியாளர் டான் ஸ்கெல்டனின் குதிரைகளை மதிப்பிடும்போது, குளிர்காலத் தோல்விகளுக்குக் குறைந்த மதிப்பும், மார்ச் மாத ஓட்டத்துக்குக் கூடிய மதிப்பும் தர வேண்டும். அதே காரணத்தால், இலக்கு நிறைவேறிய பிறகு அத்தகைய குதிரையிடம் உடனடியாக மற்றொரு உச்சத்தை எதிர்பார்ப்பதும் சரியல்ல.

ஃபார்மைப் படிப்பது அறிவுசார்ந்த வேலை என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, குதிரைப் பந்தயத்தை முதன்மையாகத் திறன் சார்ந்த விளையாட்டு என வகைப்படுத்தியது. திறன் என்று சொல்லப்படுவதில் ஒரு பெரும்பகுதி, இதுவரை விளக்கிய கணக்குகளும் ஒப்பீடுகளும்தான்.

ஹேண்டிகேப்பிலிருந்து சாம்பியன் ஹர்டிலுக்கு

இனி முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். ஹேண்டிகேப் வெற்றியாளரை எப்போது சாம்பியன் வரிசையில் வைக்கலாம்?

சாம்பியன் ஹர்டிலில் எடை சமன்பாடு கிடையாது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குதிரைகள் எல்லாம் 11 ஸ்டோன் 10 பவுண்டு சுமக்கின்றன. பெண் குதிரைகளுக்கு மட்டும் 7 பவுண்டு சலுகை. ஹேண்டிகேப்பில் 135 ரேட்டிங் குதிரை 150 ரேட்டிங் குதிரையிடமிருந்து பெற்ற 15 பவுண்டு இங்கே முற்றாக மறைந்துவிடும். நம் கற்பனைப் பந்தயத்தில் ‘அ’வை நான்கு லெங்தில் வென்ற ‘ஆ’, சம எடையில் அதனிடம் பதினோரு லெங்த் அளவில் தோற்கும். சாம்பியன் ஹர்டிலை வெல்ல வழக்கமாக 160க்கு மேற்பட்ட ஆட்டம் தேவைப்படுகிறது. கான்ஸ்டிட்யூஷன் ஹில் போன்ற அரிய குதிரை 175 வரை சென்றது. 141இல் வென்று 150ஐத் தொட்ட குதிரைக்கு அங்கிருந்து இன்னும் பத்துப் பதினைந்து பவுண்டு பாக்கி இருக்கிறது. ‘வென்றுவிட்டது, எனவே அடுத்தது சாம்பியன் ஹர்டில்’ என்று சொல்பவர்கள் தாண்டிச் செல்லும் தொகை இதுதான்.

அதிக எடையைச் சுமந்து ஹேண்டிகேப்பை வென்ற குதிரைக்கு இந்தத் தொகை மிகக் குறைவு. 1968இல் பெர்சியன் வார் 11 ஸ்டோன் 13 பவுண்டு சுமந்து ஷ்வெப்ஸ் கோல்டு டிராஃபியை வென்றது. அதே ஆண்டு தொடங்கி 1970 வரை மூன்று சாம்பியன் ஹர்டில்களையும் வென்றது. அப்படி ஒரு குதிரையின் ஹேண்டிகேப் வெற்றியில் எடையின் உதவி ஏதுமில்லை. அது திறமையின் நேரடிச் சான்று. ஆகவே வென்ற குதிரையின் பெயரைப் படித்தவுடன் கண் போக வேண்டிய இடம் அது சுமந்த எடை.

1997இல் மேக் எ ஸ்டாண்ட் காட்டியது வேறு வழி. மார்ட்டின் பைப் பயிற்றுவித்த அந்தக் குதிரை அந்தப் பருவத்தில்தான் ஹர்டிலில் வளர்ந்துவந்தது. ஜனவரியில் கெம்ப்டனின் லான்சரோட் ஹர்டில், பிப்ரவரியில் நியூபரியின் கோல்டு டிராஃபி, மார்ச்சில் சாம்பியன் ஹர்டில் என்று தொடக்கம் முதலே முன்னணியில் ஓடி வென்றது. ஹேண்டிகேப்பர் ஏற்ற ஏற்ற அது அதைவிட வேகமாக வளர்ந்தது. ஆனால் அந்த மார்ச்சுக்குப் பின் அது வெல்லவே இல்லை. ஏப்ரலில் தோற்று, காயத்தால் நீண்ட காலம் ஒதுங்கியிருந்தது. வேகமான வளர்ச்சி எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை எந்த ரேட்டிங்கும் சொல்வதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது மை டென்ட் ஆர் யுவர்ஸ். 2013 பிப்ரவரியில் நியூபரி ஹேண்டிகேப்பை 149 ரேட்டிங்குடன் ஐந்து லெங்தில் வென்றபோது அது இன்னும் நாவிஸ் குதிரை. உயர்ந்த ரேட்டிங், குறைந்த அனுபவம், தெளிவான வித்தியாசம் என்று மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறியது. அடுத்த மாதம் சுப்ரீம் நாவிஸஸ் ஹர்டிலில் ஷாம்பேன் ஃபீவருக்குப் பின் இரண்டாவதாக வந்தது. 2013 டிசம்பரில் கெம்ப்டனின் கிறிஸ்துமஸ் ஹர்டிலை வென்றது. சாம்பியன் ஹர்டிலில் மட்டும் 2014இல் ஜெஸ்கியிடமும், 2016இல் ஆனி பவரிடமும், 2017இல் புவெர் டேரிடமும் தோற்று மூன்று முறை இரண்டாவதாக நின்றது. 2013 பிப்ரவரியில் அதன் ஃபார்மைப் படித்து, இது சாம்பியன் தரத்தைத் தொடும் குதிரை என்று சொன்னவர் சரியாகவே படித்திருந்தார். சாம்பியன் ஹர்டிலில் அதற்கு எதிராக யார் ஓடப்போகிறார்கள் என்பது அந்தப் பந்தயத்தின் எண்களில் இருக்க முடியாது.